பார்க்கப் போகிறவளின் பை

அட்மிஷன் அக்காவின் கட்டிலுக்கு அடியில் ஒரு நீலப் பை எப்போதும் தயாராக இருக்கும். வீட்டில் அதற்கு 'அந்தப் பை' என்றுதான் பெயர். அந்தப் பையிலிருந்து துண்டை எடுக்கக் கூடாது, அந்தப் பையில் இருக்கிற சோப்பு குளிப்பதற்கு இல்லை, அந்தப் பைமேல் எதையும் வைக்கக் கூடாது. அக்காவின் கணவருக்கும் மகளுக்கும் இந்தச் சட்டங்கள் மனப்பாடம்.

திறந்தால் மேலாக ஒரு தொளதொளச் சட்டை, முன்பக்கம் பொத்தான் வைத்தது. கையில் மாவுக்கட்டு போட்டவர்களுக்குத் தலைவழியாகச் சட்டை மாட்ட முடியாது. அதன் கீழே நாடா கட்டுகிற கால்சட்டை. எலாஸ்டிக் என்றால் தையல் போட்ட இடத்தில் உறுத்தும். வழுக்காத செருப்பு, குவளை, படுத்தபடியே குடிக்க வளைகிற உறிஞ்சுகுழல், மிக நீளமான ஒயர் வைத்த சார்ஜர். எந்த ஆஸ்பத்திரியிலும் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் இருக்காது. இருந்தாலும் வேலை செய்யாது.

இதெல்லாம் அக்காவுக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல. நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில், நோயாளிகளை உள்ளே சேர்க்கிற ஜன்னலுக்குப் பின்னால் பாதி ஆயுளை உட்கார்ந்தே கழித்தவள். டாக்டர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லோருக்கும் அவள் அட்மிஷன் அக்காதான். அவளுடைய மாமியார்கூட ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். அந்த ஜன்னலுக்கு வருகிறவர்கள் வேண்டியது எதையும் எடுத்து வந்திருக்க மாட்டார்கள். ஒரு காலில் செருப்பு இருக்கும், மறு காலில் இருக்காது. ஒருவர் போன் என்று நினைத்து டிவி ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். மகனைக் கூப்பிட வேண்டும் என்று அதையே அமுக்கிக்கொண்டிருந்தார். மயங்கி விழுந்த கணவரோடு வந்த அம்மாள் ஒருவர் கையில் கரண்டி இருந்தது. அக்கா அதை வாங்கி மேஜைக்குள் பத்திரமாக வைத்து, போகும்போது திருப்பிக் கொடுத்தாள்.

அப்படிப்பட்ட அக்காவே ஒருநாள் வெறுங்கையோடு போய் நின்றாள். மூன்று வருடங்களுக்கு முன்னால், மகள் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இறங்கிய முதல் சீசனில், ஒரு வளைவில் சறுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டாள். செய்தி வந்ததும் அக்கா காலில் வீட்டுச் செருப்பும் கையில் பாத்திரம் துடைக்கிற துணியுமாக வேற்றூர் ஆஸ்பத்திரி ஜன்னல் முன்னால் நின்றாள். உள்ளே உட்கார்ந்திருந்த பெண், அக்கா தன் ஜன்னலில் எத்தனையோ பேரைப் பார்த்த அதே பார்வையால் அக்காவைப் பார்த்தாள். எலும்பு ஒன்றரை மாதத்தில் கூடிவிட்டது. அந்தப் பார்வை பட்ட இடம் கூடவில்லை. வீடு திரும்பிய மறுநாள் நீலப் பை வாங்கப்பட்டது.

மகள் மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை செய்கிறாள். வாரம் முழுக்கப் பிறர் வண்டிகளுக்குக் கிளட்ச் கேபிளும் பிரேக் கட்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, சனி ஞாயிறில் தன் சின்ன வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு பந்தயத்துக்குப் போவாள். சிறிய இஞ்சின் பிரிவு. ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஓடுகிற பந்தயம். அக்கா அதைத் தடுக்கவில்லை. தடுத்தால் நிற்கிற பிள்ளை இல்லை என்று தெரியும். கூடவே போனாள். அந்த விபத்துக்குப் பிறகு ஒரு பந்தயம்கூட விட்டதில்லை. ஆனால் கணவர் பார்வையாளர் வரிசையில் சாவகாசமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது, அக்கா முதலுதவி அறைச் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மடியில் நீலப் பையை வைத்து, ஓடுபாதைக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருப்பாள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற தம்பிக்கு இரண்டு பெண் குழந்தைகள், மூத்தவளுக்குக் கணக்கு வராது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். மகள் பந்தயத்தில் எப்படி ஓட்டுவாள் என்பது தெரியாது.

போன மாதம்தான் குட்டு வெளிப்பட்டது. பந்தயம் முடிந்து மகள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது. பிள்ளை இரண்டு காலில் நடந்து வருகிற சந்தோஷத்தில் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை.

"எப்படிம்மா ஓட்டினேன்?"

"பிரமாதம். கடைசி ரவுண்டுல பின்னிட்டே போ."

மகள் ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள். "கடைசி ரவுண்டுலயா?"

"ஆமா. காத்து மாதிரி போனியே."

"ரெண்டாவது ரவுண்டுலயே செயின் அறுந்து வண்டி நின்னுடுச்சும்மா. மீதி ரேஸ் பூரா நான் புல்லு மேல உக்காந்திருந்தேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தால் இலையில் சோறே இல்லை. பக்கத்தில் நின்ற கணவர் மெல்லச் சொன்னார்: "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"நீங்க சும்மா இருங்க."

வேனில் வீடு வந்து சேர்ந்தார்கள். மகள் வேனை வாசலில் நிறுத்தி, இறங்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே சொன்னாள்: "நீ பொய் சொன்னது பெரிசில்லம்மா. கடைக்கு வர்றவங்க எல்லாம் கேப்பாங்க, உங்கம்மா வந்து பாப்பாங்களான்னு. ஒண்ணு விடாம பாப்பாங்கன்னு பெருமையா சொல்லிட்டிருந்தேன்."

"வந்தேன்ல?"

"வந்தே. பாக்கல." மகள் திரும்பினாள். "அடுத்தது சீசனோட கடைசி ரேஸ். வந்தா, பாக்கறதுக்கு வா. அந்தப் பையைத் தூக்கிட்டு வர்றதா இருந்தா வர வேண்டாம். ஹெல்மெட் மாட்டும்போது உன்னை நினைச்சா, நீ தெரிய மாட்டேங்கறே, அந்தப் பைதான் தெரியுது. அதையும் தூக்கி வச்சுக்கிட்டு என்னால வளைவுல வண்டியைச் சாய்ச்சுப் படுக்க முடியல."

அக்கா மடியிலிருந்த நீலப் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய்த் தள்ளினாள்.  

அப்படியாகத்தான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டின் நடுக்கூடத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பந்தயத்தைப் பார்ப்பதற்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்ற கேள்வியோடு அக்கா உட்கார்ந்தாள். முன்னால் ஒரு சிவப்பு முதுகுப்பை, காலியாக. மகளுடையது, பள்ளிக்கூட நாட்களில் வைத்திருந்தது. ஜிப்பில் பாதிப் பல் இல்லை.

"முதல்ல காது," என்றாள் மகள். மெத்தென்ற இரண்டு சின்ன அடைப்பான்களைக் கையில் வைத்தாள். "இதை உருட்டி உள்ள விட்டா அப்படியே விரியும். முப்பது வண்டி ஒண்ணா கிளம்பும்போது இது இல்லேன்னா ராத்திரி பூரா காதுல கிணிகிணின்னு கேக்கும்."

"உங்கப்பா போடறாரா?"

"அவருக்குத்தான் வீட்ல நல்ல பழக்கம் ஆயிடுச்சே, எதையும் கேக்காம இருக்க."

பத்திரிகை படித்துக்கொண்டிருந்த கணவர் பக்கத்தைப் புரட்டினார். எலக்ட்ரீஷியன், வீட்டில் நடக்கிற சண்டைகளில் தலையிடாமல் இருப்பதற்கு ஷாக் அடித்தே கற்றுக்கொண்டவர். பந்தயத்துக்கு அவர் எடுத்துப் போவது ஒரு தொப்பியும் ஒரு பழைய பைனாகுலரும் மட்டும். வேறு எல்லாவற்றுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற யாரையாவது சிநேகம் பிடித்துவிடுவார்.

உட்கார மெத்தை எடுத்து வைத்தார்கள். பார்வையாளர் காலரியில் இருப்பது சிமெண்ட் படிகள். காலையில் ஐஸ்கட்டி, மதியம் அடுப்பு. தொப்பி, வெயிலுக்கு முகத்தில் தடவுகிற களிம்பு, மடித்தால் கைக்குட்டை அளவு ஆகிவிடுகிற மழைக்கோட்டு. அக்கா குடையை எடுத்தாள். மகள் அதை வாங்கி மூலையில் வைத்தாள்.

"குடை விரிச்சா பின்னாடி இருக்கறவங்களுக்கு ரேஸ் தெரியாது. நம்மளைத் தூக்கிக் கீழ போட்டுடுவாங்க."

"அப்போ மழை வந்தா நனையறதா?"

"கோட்டு இருக்கில்ல. கால்தான் நனையும். இன்னொரு ஜோடி சாக்ஸ் வச்சுக்கோ. ஷூ போட்டு வா, செருப்பு வேண்டாம். பார்க்கிங்ல இருந்து மேடு ஏறணும், மண்ணு."

சாப்பாட்டுக்கும் மகளிடம் ஒரு கொள்கை இருந்தது. சிந்துகிற சாமான் வேண்டாம், கரண்டி கேட்கிற சாமான் வேண்டாம். கண்ணை ஓடுபாதையிலிருந்து எடுக்காமல் கை தானாகப் போய் எடுத்து வாயில் போட வேண்டும். ரொட்டி, அவித்த முட்டை, ஆரஞ்சுப் பழம். ஆரஞ்சைக்கூட இப்போதே உரித்துச் சுளையாக வைத்துவிட வேண்டும். தண்ணீர் நிறைய. குப்பைக்கு ஒரு காலிப் பை. போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிற பெட்டி ஒன்று, ஏனென்றால் ஒலிபெருக்கியில் சொல்வது பாதி புரியாது; யார் எத்தனாவது இடம் என்று போனில்தான் பார்க்க முடியும்.

அக்கா எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கினாள். அடுக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பிறகு மகள் பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இவ்வளவு கனம் இருக்காதே."

"தண்ணி."

மகள் ஜிப்பைத் திறந்து கையை உள்ளே விட்டாள். சாக்ஸுக்குள் சுருட்டியிருந்த பேண்டேஜ் சுருள் வெளியே வந்தது.

"இது என்ன?"

"ஷூ கடிச்சா?"

"ஷூ கடிக்கறதுக்கு இவ்வளவு நீளமா? இதைச் சுத்தினா அப்பாவை முழுசா மூடிடலாம்." மறுபடி கையை விட்டாள். ரொட்டிக்கு அடியில் குவளை. மெத்தை உறைக்குள் பொத்தான் வைத்த சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாமல். "அம்மா, நீ ரேஸ் பாக்க வர்றியா, எனக்கு அட்மிஷன் போட வர்றியா?"

"மழையில நனைஞ்சா மாத்திக்கலாம்னு வச்சேன்டி."

"யாரு, நீயா? இது என் சைஸ்."

பத்திரிகைக்குப் பின்னாலிருந்து கணவரின் தோள்கள் குலுங்கின.

அக்கா ஒவ்வொன்றாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. இவற்றை வைக்க வேண்டும் என்று அவள் திட்டம் போடவில்லை. கை தானாக வைத்தது. என்ன நடந்தால் என்ன வேண்டியிருக்கும் என்றே அவளுக்குப் பை கட்டத் தெரியும். ஒன்றும் நடக்காமல் ஒருநாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க என்ன வேண்டும் என்று அவளை இதுவரை யாரும் கேட்டதில்லை. கடைசியாக, பையின் உள்ஜேபியிலிருந்து மகளின் ரத்த வகை எழுதிய அட்டை வந்தது. மகள் அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், திரும்ப உள்ளேயே வைத்து ஜிப்பை மூடினாள்.

"இது ஒண்ணு மட்டும்," என்றாள்.

சனிக்கிழமை பயிற்சி ஓட்டமும் தகுதிச் சுற்றும். மைதானத்துக்கு வெளியே வண்டிகள் வயல் அளவுக்கு நின்றன. காலரியின் நடுவரிசையில், நேர்ப்பாதைக்கு முந்தைய கடைசி வளைவு நன்றாகத் தெரிகிற இடத்தில் கணவர் மெத்தைகளைப் போட்டார். பக்கத்தில் பருமனான ஒருவர் மடக்கு நாற்காலிக்குள் தன்னைத் திணித்துக்கொண்டிருந்தார். பல் டாக்டராம். பத்து நிமிடத்தில் கணவர் அவருடைய பிளாஸ்கிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடி காலியாக இருந்தது. ஆரஞ்சுச் சுளை டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டாள். முதலுதவி அறையின் வெள்ளைக் கூரை தூரத்தில் தெரிந்தது. ஆம்புலன்ஸ் தம்பி இந்நேரம் நாற்காலியை எடுத்துப் போட்டு வைத்திருப்பான், அக்காவைக் காணோமே என்று தேடுவான்.

வண்டிகள் வந்தன. அடைப்பானைத் தாண்டியும் சத்தம் நெஞ்சுக்கூட்டில் இறங்கியது. எல்லாம் ஒரே மாதிரி ஹெல்மெட். ஒரே மாதிரி குனிந்த முதுகு. எது பெற்ற பிள்ளை என்றே தெரியவில்லை.

"முப்பத்தேழு. நம்பரைப் பாரு," என்றார் கணவர்.

நம்பரைத் தேடுவதற்குள் வண்டி போய்விடும். அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று. பைனாகுலரில் எதைப் பார்த்தாலும் புல்தான் தெரிந்தது. அவள் அதைக் கீழே வைத்துவிட்டு வெறும் கண்ணால் வளைவையே பார்த்தாள். அப்போது ஒரு வண்டி உள்ளே வந்தது. ஓட்டியவரின் தலை, வளைவுக்குச் சற்று முன்னால், கொடியில் காயும் துணிக்கு அடியில் நுழைகிறவர்கள் மாதிரி ஒருமுறை சட்டென்று தாழ்ந்து எழுந்தது.

"இவதான்," என்றாள் அக்கா.

"எப்படித் தெரியும்? நம்பரைப் பாத்தியா?"

"நம்பர் எதுக்கு. மொட்டை மாடியில துணிக்கு நடுவுல இப்படித்தானே போவா. ஒரு நாள்கூட துணியைத் தள்ளிட்டுப் போக மாட்டா."

பல் டாக்டர் தன் போனைப் பார்த்து, முப்பத்தேழுதான் என்று தலையசைத்தார்.

அதற்குப் பிறகு மகளைத் தேட வேண்டியிருக்கவில்லை. பதினைந்து வண்டிகளுக்கு நடுவில் வந்தாலும் அந்தத் தலை தெரிந்தது. ஒருமுறை வேறொரு வண்டி வளைவில் சறுக்கி, ஓட்டிவந்த பையன் புல்லில் உருண்டான். அக்கா எழுந்துவிட்டாள். எழுந்தது மட்டுமல்ல, கால்கள் படியிறங்கத் தொடங்கிவிட்டன. நான்கு படி இறங்கிய பிறகுதான் பின்னால் யாரோ "உக்காருங்க, மறைக்குது" என்று சொன்னது கேட்டது. புல்லில் உருண்ட பையன் எழுந்து, பின்பக்கத்து மண்ணைத் தட்டிவிட்டு, வண்டியை எட்டி உதைத்தான். அக்கா ஏறிவந்து உட்கார்ந்தாள். கணவர் ஆரஞ்சு டப்பாவை நீட்டினார்.

மதியத்துக்குமேல் இன்னொன்று அவள் கண்ணில் பட்டது. மஞ்சள் வண்டி ஒன்று. மற்றவர்கள் எல்லாம் வளைவுக்கு வெளியே அகலமாக வந்து, ஒருவர் பின் ஒருவராக உள்ளே இறங்கினார்கள். மஞ்சள் வண்டிக்காரன் மட்டும் கடைசிவரை பிரேக் பிடிக்காமல் நேராக வந்து, முன்னால் போகிறவருக்கும் உள்பக்கத்து ஓரத்துக்கும் நடுவில் கிடைக்கிற சந்தில் மூக்கை நுழைத்தான். முன்னால் போகிறவர் பதறி ஒதுங்க, இவன் முன்னே போய்விடுவான். அடுத்த சுற்றிலும் அதையே செய்தான். அதற்கடுத்ததிலும்.

அக்காவுக்கு இந்த ஜாதி மனிதர்களை நன்றாகத் தெரியும். ஜன்னலுக்கு முன்னால் வரிசை நிற்கும்போது, வரிசையைப் பார்க்காதவர்கள் மாதிரி சுவரோரமாகவே ஊர்ந்துவந்து, "ஒரே ஒரு சந்தேகம் மேடம்" என்று தலையை உள்ளே விடுகிறவர்கள். அவர்கள் எப்போதும் சுவர்ப் பக்கமாகத்தான் வருவார்கள். முன்னால் நிற்கிறவர் ஒரு கை அகலம் இடம் விட்டால் போதும். சுவரோடு ஒட்டி நிற்கிறவரை அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

"இவன் யாரு?" என்று கேட்டாள்.

"மஞ்சளா? கெட்டிக்காரன். போன ரேஸ்ல ரெண்டாவது," என்றார் பல் டாக்டர்.

"கெட்டிக்காரனா. வரிசையில வரத் தெரியாதவன்," என்றாள் அக்கா. சாயங்காலம்வரை அவள் மஞ்சள் வண்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ரொட்டியை அவளறியாமலே தின்று முடித்திருந்தாள். கொள்கை வேலை செய்தது.

அன்று இரவு விடுதியில் மகள் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் ஐந்தாவது இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். அந்த நினைப்பிலேயே இருந்தாள். கேட்டுப் பதில் சரியில்லாமல் போனால் என்ன செய்வது என்று பயந்திருக்கவும் கூடும். அக்காவும் தானாக எதையும் சொல்லவில்லை. ஒருமுறை பொய் சொன்ன வாய். நாளைக்கு முழுதாகப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வானம் மூடியிருந்தது, மழை இல்லை. காலரி நிரம்பி வழிந்தது. தொடக்க விளக்கு அணைந்ததும் முப்பது வண்டிகளும் ஒரே கத்தலாகக் கிளம்பின. முதல் சுற்றில் கடைசி வளைவுக்குள் வந்தபோது மகள் நான்காவதாக இருந்தாள். அக்கா தொடையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

பாதிப் பந்தயத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. அந்தப் பக்கத்து வளைவில் யாரோ விழுந்துவிட்டார்கள். அந்த வளைவு காலரிக்குத் தெரியாது. நம்பர் சொன்னார்கள், முப்பத்து என்பதுமட்டும் கேட்டது, மீதியைக் கூட்டத்தின் சத்தம் விழுங்கியது. எச்சரிக்கைக்கான மஞ்சள் கொடிகள் ஆடின. வெள்ளைக் கூரைப் பக்கம் ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறப்பது தெரிந்தது.

அக்கா எழுந்தாள்.  இப்போது இறங்கினால் ஆம்புலன்ஸ் வந்து நிற்பதற்கு முன்னால் முதலுதவி அறை வாசலில் இருக்கலாம். அதற்கு இரண்டு வழிகளையும் நேற்றே பார்த்து வைத்திருந்தாள், அது பழக்கதோஷம். ஆனால் இறங்கினால் இந்த வளைவு தெரியாது. விழுந்தது மகள் இல்லை என்றால், அவள் இந்த வழியாக வருவாள். வரும்போது இங்கே அம்மா இருக்க மாட்டாள்.

கணவர் அவள் கையைப் பிடிக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவருடைய டீ குவளை வாய்க்கும் மடிக்கும் நடுவில் நின்றது.

அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். பின்னால் யாரும் மறைக்குது என்று சொல்லவில்லை. முதல் வண்டி வந்தது. இரண்டாவது வந்தது. பிறகு வெறும் சாலை. அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. மூன்றாவதாக ஒரு வண்டி வளைவை நோக்கி வந்தது. தலை தாழ்ந்து எழுந்தது.

"மூணாவது," என்றார் கணவர். "முன்னாடி போனவன்தான் விழுந்திருக்கான். அவ மூணாவதும்மா."

விழுந்தவன் எழுந்து நடக்கிறான் என்று பல் டாக்டர் போனைப் பார்த்துச் சொன்னார். அக்கா உட்கார்ந்தாள்.  ஆனால் கண் ஓடுபாதையை விட்டு நகரவில்லை, ஏனென்றால் மகளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, மஞ்சள் வந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு சுற்றிலும் அது நெருங்கியது. ஒருமுறை உள்ளே நுழையப் பார்த்தது, மகள் மூடிவிட்டாள். கடைசிச் சுற்றில் இரண்டு வண்டிகளும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்த மாதிரி வளைவுக்கு வந்தன. மகள் அகலமாக, அழகாக வந்தாள். உள்பக்கம் ஒரு கை அகலம் சந்து திறந்தது. மஞ்சள் வண்டி பிரேக் பிடிக்கவில்லை.

அக்கா எழுந்து நின்று, அத்தனை வருடங்களாக ஜன்னலுக்குப் பின்னால் பழுத்த குரலில் சொன்னாள்: "தம்பி, வரிசையில வா."

காதில் அடைப்பான் இருந்ததால் எவ்வளவு சத்தமாகச் சொன்னாள் என்பது அவளுக்குத் தெரியாது. கீழே நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் அனிச்சையாகத் தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அக்கா," என்றார் பல் டாக்டர், தன் காதிலிருந்த அடைப்பானை எடுத்துப் பார்த்தபடி, "நான் கடையில நல்ல தரமாக் கேட்டுத்தான் வாங்கினேன். அப்படியும் கேட்டுச்சு."

தம்பி வரிசையில் வரவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது மஞ்சள் மூன்றாவது, மகள் நான்காவது. நடுவில் ஒரு சக்கரம்தான் இருக்கும்.

வண்டிகள் நிறுத்துகிற கொட்டகைக்கு அவர்கள் கூட்டத்தில் முட்டி மோதிப் போய்ச் சேர்ந்தபோது, மகள் கவிழ்த்துப் போட்ட டயர்மேல் உட்கார்ந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அம்மா வருவதைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு ஜாக்கிரதை வந்தது. எதையும் கேட்காமல் இருந்துவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட முகம்.

அக்கா வந்த வேகத்திலேயே ஆரம்பித்தாள். "ஏன்டி, அந்த மஞ்சளுக்கு உள்பக்கம் எதுக்கு இடம் விட்டே?"

மகளின் கை கையுறையிலேயே நின்றது. "என்ன?"

"கடைசி ரவுண்டுல. நீ பாட்டுக்கு அகலமா போயிட்டே. அவன் நேத்தெல்லாம் அதே வளைவுல அதே வேலையைத்தான் பண்ணிட்டிருந்தான். எல்லாரும் பிரேக் பிடிச்ச பிறகும் பிடிக்க மாட்டான். உனக்குத் தெரியாதா?"

"நான் இடம் விடலம்மா. அதுதான் அந்த வளைவுக்கு சரியான லைன். அகலமா வந்தாதான் வெளிய போகும்போது வேகம் கிடைக்கும்."

"என்ன வேகம் கிடைச்சுது? அவன் முன்னாடி போயிட்டான்."

"அவன் லேட் பிரேக் போட்டா நான் என்ன பண்றது? இடிக்கவா முடியும்?"

"இடிக்க யாரு சொன்னா? சுவரோட ஒட்டி வரணும். சந்து இருந்தாத்தானே வருவான். கொஞ்சம் வேகம் குறைஞ்சாலும் பரவாயில்லன்னு ஒட்டி வந்திருந்தா அவன் வெளிப்பக்கமா சுத்திட்டு வரணும், அதுக்குள்ள கோடு வந்துடும்."

கொட்டகையில் நட்டு கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் ஸ்பானரோடு நிமிர்ந்தான். "நானும் நேத்து இதைத்தானே சொன்னேன்," என்றான்.

"நீ சும்மா இரு," என்றாள் மகள். அவள் எழுந்து நின்றுவிட்டாள். கன்னம் சிவந்திருந்தது. "அஞ்சாவது ரவுண்டுலயும் அவன் அப்படித்தான் வந்தான். அப்ப நான் மூடினேனே, அதைப் பாக்கலையா?"

"அஞ்சாவது இல்ல, ஆறாவது. அஞ்சாவதுல அவன் உன் பக்கத்துலயே இல்ல, அந்தப் பச்சை வண்டிக்குப் பின்னாடி இருந்தான்."

 மகள் விரலை மடக்கிச் சுற்றுகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். "ஆமா," என்றாள் மெதுவாக. "ஆறாவதுதான்."

கணவர் டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். யாரும் கவனிக்கவில்லை.

மகள் இன்னொரு டயரைக் காலால் இழுத்துத் தன் டயருக்கு எதிரில் போட்டாள். தரையில் படிந்திருந்த தூசியில் பூட்ஸ் நுனியால் ஒரு வளைவைக் கிழித்தாள். "சரி, உக்காரு. அவன் எந்த இடத்துல உள்ள வந்தான்னு காட்டு."

அக்கா உட்கார்ந்தாள். விரலை நீட்டிக் குனிந்து பார்த்தாள். "முதல்ல உன் வளைவே தப்பு," என்றாள். "இவ்வளவு வட்டமாவா இருந்துச்சு?" காலால் அதை அழித்துவிட்டுத் தானே வேறொன்று போடத் தொடங்கினாள்.